இறந்தவர் எழுதிய மூன்று வரிகள்

பிரிசில்லா அந்த மாடிப்படியில் மூன்று தடவை ஏறி, மூன்று தடவையும் பாதியில் இறங்கிவிட்டாள். நான்காவது தடவை கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது மேலேயிருந்து ஒரு குரல் வந்தது.

"ஏறினா முழுசா ஏறும்மா. படியில நிக்கிறவங்களுக்கு இந்த வண்டியில இடம் கிடையாது."

குரலுக்குச் சொந்தக்காரர் சந்திரசேகரன். முப்பத்தொரு வருஷம் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். உத்தியோகம் ஓய்வு பெற்றுவிட்டது, வாய் இன்னும் டூட்டியில்தான் இருந்தது. ஹல்சூர் பஜாரில் பாத்திரக்கடைக்கு மேலே இருந்த அந்த ஒற்றை அறை அவர் மனைவி மரகதத்தின் அலுவலகம். உயிலோ, பத்திரமோ, மொட்டைக் கடிதாசோ, எதைக் கொண்டுவந்து கொடுத்தாலும் அது அசலா போலியா என்று பார்த்துச் சொல்வது மரகதத்தின் தொழில். அரசாங்க ஆய்வுக்கூடத்தில் இருபத்தெட்டு வருஷம் அதைத்தான் செய்தார். இப்போது சொந்தமாகச் செய்கிறார். கணவர் உதவிக்கு இருக்கிறார், அவரைக் கேட்டால் தானே முக்கால்வாசி என்பார்.

மரகதம் வந்தவளை உட்காரச் சொல்லிவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார். "கெடு எத்தனை மணிக்கு?"

பிரிசில்லாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "கெடு இருக்குன்னு உங்களுக்கு எப்படி மேடம் தெரியும்?"

"வந்ததிலேருந்து நாலு தடவை போனைப் பார்த்துட்டீங்க. அது ஒரு தடவைகூட அடிக்கலை. அப்போ மணிதான் பார்க்கிறீங்க."

"சாயங்காலம் நாலு மணி மேடம். நாலு மணிக்கு என் மேல போலீஸ்ல புகார் குடுக்கப் போறாங்க."

சொல்லிவிட்டு அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். அப்புறம் விஷயத்தைக் கோர்வையாகச் சொன்னாள். கோலார் தங்கச் சுரங்கத்துக் குடும்பம் அவளுடையது. அப்பா வின்சென்ட் சுரங்கத்தில் பாறை உடைத்தவர். இப்போது இருவரும் ஈஜிபுராவில் வாடகை வீட்டில் இருக்கிறார்கள். தோம்லூரில் உள்ள ஓர் ஆவணக் காப்பகத்தில் அவளுக்கு ஒப்பந்த வேலை. பழைய காகிதங்களை ஸ்கேன் செய்து வரிசைப்படுத்த வேண்டும். அந்தச் சுரங்கத்துக்குள் பூமிக்கு அடியில் பல ஆண்டுகள் நடந்த ஒரு பெரிய பௌதிக ஆராய்ச்சியின் வரலாற்றை அந்தக் காப்பகம் புத்தகமாகக் கொண்டுவருகிறது. எழுதுகிறவர் மைதிலி.

"ரெண்டு மாசத்துக்கு முன்னாடி ஒரு பழைய பதிவேட்டுல ஒரு பக்கம் பார்த்தேன் மேடம். 1985 பிப்ரவரி பதிமூணு. நான் பொறந்ததுக்கு மறுநாள், அதனாலதான் நின்னு பார்த்தேன். பார்த்தா எங்கப்பா கையெழுத்து! கீழ கையொப்பம் மட்டும் தாஸ்னு இருந்துச்சு. தாஸ் மாமா எங்கப்பாவோட தோஸ்து. விஞ்ஞானிங்க கருவியைக் காவல் காக்க சுரங்கத்துலேருந்து கேட்டு வாங்கின ஆளு அவரு. மாமா பார்த்ததை அப்பா எழுதியிருப்பாருன்னு நினைச்சு, சந்தோஷமா மைதிலி மேடத்துக்கிட்ட காட்டினேன். என் வாய்தான் எனக்கு எமன்."

"அதுக்கப்புறம்?"

"மேடம் அதை வச்சு ஒரு அத்தியாயமே எழுதினாங்க. போன வாரம் ஒரு மொட்டைக் கடிதாசு வந்துச்சு. தாஸ் மாமா அன்னிக்குக் காலையிலேயே செத்துட்டாருன்னு. விசாரிச்சா அது நெசம். செத்தவர் பேருல எழுத்து, எழுத்து எங்கப்பாவோடது, கண்டெடுத்தது நான். அப்பா பேரு புத்தகத்துல வரணும்னு நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து எழுதிச் சொருகினோம்னு இயக்குநர் சொல்றாரு."

சந்திரசேகரன் எழுந்தே நின்றுவிட்டார். "செத்தவர் எழுதினாரா! மரகதம், இது நம்ம கேஸ்!"

"உக்காருங்க. அப்பாகிட்ட கேட்டீங்களாம்மா?"

"பக்கத்தைக் கண்டெடுத்த அன்னிக்கே போன்ல படம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தாரு. ஞாபகம் இல்லைன்னுட்டு சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துட்டாரு. அன்னிலேருந்து சரியா சாப்பிடறதும் இல்லை. நுரையீரல் பூரா தூசு மேடம், ஆக்சிஜன்லதான் இருக்காரு. இந்தப் புகார் விஷயம் தெரிஞ்சா தாங்கமாட்டாரு. அவருக்கு மட்டும் தெரியக்கூடாது."

மரகதம் குடையை எடுத்தார். அப்போது மணி பத்தேகால்.

காப்பகத்தின் இயக்குநர் கார்த்திகேசன் இஸ்திரி போட்ட சட்டைக்காரர், பேச்சும் அப்படித்தான் மடிப்புக் கலையாமல் வந்தது. மைதிலி அவருக்கு எதிர் முனையில் தலைமுடியைப் பிய்த்துக்கொள்ளாத குறையாக உட்கார்ந்திருந்தார். நடுவில் மேஜைமேல் சிவப்பு பைண்டு போட்ட பதிவேடு. புகார்க் கடிதமும் அச்செடுத்துத் தயாராக இருந்தது. அதன் முதல் வரியிலேயே பிரிசில்லாவின் பெயர் இருந்தது.

மரகதம் அந்தப் பக்கத்தைத் திறந்து சத்தமாகப் படித்தார்.

"ஆறு நாற்பது. இறங்கினேன். காஸ் ஓட்டம் சரி.

எட்டு ஐந்து. பாறை அதிர்ந்தது. எல்லா விளக்கும் ஒரு தடவை எரிந்து அணைந்தது.

பதினொன்று இருபது. நாலாம் வரிசை முதல் ஒன்பதாம் வரிசை வரை விளக்கு எரிந்தது. குறுக்குவாட்டில். மேலே போன் செய்தேன். யாரும் எடுக்கவில்லை.

தாஸ், 718."

"குறுக்குவாட்டில எரிஞ்சா அதுல என்ன விசேஷம்?" என்று கேட்டார் சந்திரசேகரன்.

மைதிலிக்கு அதைச் சொல்வதென்றால் கவலைகூட ஒரு நிமிஷம் மறந்துவிடும். "கருவியில வரிசை வரிசையா விளக்கு இருக்கும், ஒரு துகள் போற வழியில இருக்கிற விளக்கு மட்டும் எரியும். வானத்துலேருந்து வர்ற துகள்கள்ல பெரும்பாலானதைத் தலைக்கு மேல இருக்கிற பாறையே தடுத்துடும் சார். தப்பிச்சு வர்ற ஒண்ணு ரெண்டும் மேலேருந்து கீழதான் வரும். பக்கவாட்டுல வரணும்னா பல மைல் பாறையைத் தாண்டி வரணும். அப்படித் தாண்டி வரக்கூடிய துகள் ஒரே ஒரு ஜாதிதான். அதைப் பிடிக்கத்தான் அவ்வளவு ஆழத்துல குகையைக் குடைஞ்சு கருவியை வச்சாங்க. கேமரா ஃபிலிமை நாலு நாள் கழிச்சுக் கழுவினப்போதான் விஞ்ஞானிங்க இதைப் பார்த்தாங்க. அவங்க எழுதின கட்டுரையில ஒன்பது பேரோட பேருதான் இருக்கு. ஆனா அங்க வேலை செஞ்சவங்க எத்தனை நூறு பேர்! கருவி பதிவு பண்ணினா கண்டுபிடிப்பு ஆயிடுமா, இல்ல ஒரு மனுஷன் பார்த்து, இது வழக்கமானது இல்லைன்னு சொன்னாத்தான் ஆகுமா? என் புத்தகமே அந்தக் கேள்விதான். அந்தக் கேள்விக்கு இந்த மூணாவது வரி பதில் மாதிரி கிடைச்சது."

"கேள்வி நல்லாத்தான் இருக்கு," என்றார் கார்த்திகேசன். "பதிலை ஒரு பேய் எழுதியிருக்கு, அதுதான் பிரச்சினை. பதிவேட்டுல நிறைய பக்கம் வெறுமையா கிடக்கு. பழைய காகிதம், பழைய பேனா. யார் வேணும்னாலும் எழுதலாம். மத்த பக்கமெல்லாம் தாஸ் எழுத்து, இந்தப் பக்கம் மட்டும் வேற. மை பரிசோதனைக்கு மூணு வாரம் ஆகுமாம். புத்தகம் அதுவரைக்கும் நிக்காது. போலி ஆவணத்தை வச்சுக்கிட்டு நான் சும்மா இருந்தேன்னு நாளைக்கு யாரும் சொல்லக் கூடாது."

மரகதம் மொட்டைக் கடிதத்தைக் கேட்டு வாங்கினார். ஏதோ டி.டி.பி. கடையில் அடித்த நாலு வரி. "பிப்ரவரி 13 அன்று தாஸ் காலை எட்டு மணிக்கே இறந்துவிட்டார். பதினோரு மணிக்கு அவர் எதையும் பார்க்கவில்லை. மரணப் பதிவேட்டைப் பார்க்கவும். அந்த வரியைப் புத்தகத்தில் போட வேண்டாம்." கவரில் விவேக்நகர் தபால் முத்திரை.

"இதுல பிரிசில்லா பேரே இல்லையே," என்றார் மரகதம்.

"ஆமா, யாரையுமே திட்டலை!" என்று பாய்ந்தார் சந்திரசேகரன். "மொட்டைக் கடிதாசு எழுதறவன் ஒருத்தனையாவது திட்டாம விடுவானா? எங்க டிப்போவுல வந்ததெல்லாம் காது குடுத்துக் கேக்க முடியாது."

கடைசியாக, கோலாரிலிருந்து வரவழைத்த மரணப் பதிவேட்டின் நகல். ஒரே வரி. தேதி, பெயர் தாஸ், வயது இருபத்தொன்பது, பாறை வெடிப்பு, பன்னிரண்டாவது குடைவு, உடலில் டோக்கன் 731, உடல் மனைவி தாயம்மாவிடம் ஒப்படைக்கப்பட்டது. மரகதம் அதைப் படித்துவிட்டுப் பதிவேட்டைப் பார்த்தார். மறுபடி நகலைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அந்த முகத்திலிருந்து ஏதாவது தெரியாதா என்று பிரிசில்லா தவித்தாள்.

"நேரம் போடலை," என்று மட்டும் சொன்னார் மரகதம். "டோக்கன்னா என்ன?"

"பித்தளை வில்லை மேடம்," என்றாள் பிரிசில்லா. "கீழ இறங்கற ஒவ்வொருத்தருக்கும் ஒரு நம்பர். காலையில ஜன்னல்ல வாங்கிட்டுப் போகணும், மேல வந்ததும் குடுக்கணும். ஹாஜர் அந்த நம்பர்லதான் விழும்."

"தாயம்மா இருக்காங்களா?"

"ஹெப்பகோடியில மகன் வீட்டுல இருக்காங்க. அப்பா மாசாமாசம் போய்ப் பார்த்துட்டு வருவாரு. இப்ப முடியலை."

வெளியே வந்ததும் சந்திரசேகரன் ரகசியம் பேசினார். அவருடைய ரகசியம் தெருமுனை வரைக்கும் கேட்கும். "மைதிலிதான்! புத்தகம் விக்கணும்னு அந்தம்மாவே எழுதியிருக்கும். இல்லைன்னா அந்த இஸ்திரி சட்டை. ரெண்டுல ஒண்ணு."

"நீங்க ஹெப்பகோடி போய் தாயம்மாவைக் கூட்டிட்டு வாங்க," என்றார் மரகதம். "ஒரே ஒரு கேள்விக்கு அவங்க பதில் வேணும். நாலு மணிக்குள்ள."

"நான் போறேன். ஆனா மெட்ரோவுல போகமாட்டேன்."

"மெட்ரோவுலதான் போறீங்க."

அவர் முனகிக்கொண்டே போனார். மரகதமும் பிரிசில்லாவும் ஈஜிபுராவுக்கு ஆட்டோ பிடித்தார்கள். வழியெல்லாம் பிரிசில்லா ஒரே பாட்டுதான் பாடினாள். புகாரைப் பற்றி அப்பாவிடம் மூச்சு விடக்கூடாது, அப்பாவிடம் மூச்சே கொஞ்சம்தான் இருக்கிறது என்று.

இரண்டாவது மாடி, ஒற்றை அறை. ஆக்சிஜன் மிஷின் உறுமிக்கொண்டிருந்தது. எழுபது வயது வின்சென்ட் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மரகதம் தான் யார் என்று சொல்லவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஊர் எது, எத்தனை வருஷம் சர்வீஸ் என்று விசாரித்துவிட்டு, பேச்சுவாக்கில் கேட்டார்.

"உங்க டோக்கன் நம்பர் என்ன அண்ணா?"

"எழுநூத்து முப்பத்தொண்ணு." யோசிக்கவே இல்லை. சொன்ன பிறகுதான் அவர் முகம் வெளுத்தது.

பிரிசில்லா அதைக் கவனித்தாள், அர்த்தம் பிடிபடவில்லை. அப்பாவுக்கு இருமல் வந்தது. வெந்நீர் வைக்க ஓடினாள். இரண்டு நிமிஷத்தில் டம்ளரோடு வந்தபோது மரகதம் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். அப்பா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். கூப்பிட்டாள், திரும்பவில்லை.

"என்ன மேடம் சொன்னீங்க அவருகிட்ட?"

"வாங்க, மணி ஆகுது."

"மேடம், சொல்லிட்டீங்களா?" பிரிசில்லா டம்ளரோடு பின்னாலேயே ஓடினாள். "உங்களை நம்பித்தானே கூட்டிட்டு வந்தேன். எனக்கு வேலை போனா போகுது, ஜெயிலுக்குக்கூட போறேன், எங்கப்பாவுக்கு ஏதாவது ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

மரகதம் படியில் நின்று திரும்பினார். "உங்கப்பா நீங்க நினைக்கிறதைவிட கெட்டிக்காரர் அம்மா. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் காப்பாத்தறேன்னு வாயை மூடிக்கிட்டு இருந்தீங்கன்னா நாலு மணிக்கு ரெண்டு பேரும் மாட்டிப்பீங்க." சொல்லிவிட்டுப் படியிறங்கினார். பிரிசில்லா ஆட்டோவில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தாள்.

நாலு மணிக்கு கார்த்திகேசன் பேனா மூடியைக் கழற்றினார். ஹெப்பகோடியிலிருந்து யாரும் வந்தபாடில்லை. சந்திரசேகரனின் போன் சுவிட்ச் ஆஃப்.

"பத்து நிமிஷம் குடுங்க," என்றார் மரகதம். "கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி ஒரு விஷயம் யோசிச்சுப் பாருங்க சார். போலி எழுதறவன் நல்லா விசாரிச்சுட்டுத்தான் எழுதுவான். அன்னிக்கு தாஸ் செத்தது ஊருக்கே தெரியும், பதிவேட்டுல இருக்கு. தெரிஞ்சவன் எவனாவது செத்தவர் பேருல கையொப்பம் போடுவானா?"

"தெரியாம போட்டிருக்கலாம். இவங்க அப்போ கைக்குழந்தை."

"இவங்களுக்குத் தெரியாது, சரி. இவங்க அப்பாவுக்கு? தாஸ் அவருக்கு உயிர்த் தோழர். இவர் எழுத்துன்னு நீங்களே சொல்றீங்க. தோழர் செத்த நாளை மறந்துட்டு அவர் பேரையே எழுதுவாரா? எழுதினவருக்கு அந்த நிமிஷத்துல தாஸ் செத்தது தெரியாது. அன்னிக்குப் பதினோரு மணிக்கு அது தெரியாத ஆளு யாரு? சுரங்க வாசல்ல ஊரே கூடி நின்னிருக்கும். கீழ தனியா இருந்த ஒருத்தருக்குத்தான் தெரியாது. மேல போன் பண்ணியும் ஏன் எடுக்கலை? விஞ்ஞானி, குமாஸ்தா, எல்லாரும் சுரங்க வாசலுக்கு ஓடிட்டாங்க."

மைதிலி எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"ரெண்டாவது, எட்டு ஐந்து. பாறை அதிர்ந்ததுன்னு இந்தப் பக்கம் சொல்லுது. தாஸ் செத்தது பாறை வெடிச்சு. மரணப் பதிவேட்டுல நேரம் கிடையாது. காகிதத்துல எங்கேயும் இல்லாத நேரத்தை நாப்பது வருஷம் கழிச்சு ஒருத்தன் எப்படிச் சரியா எழுதுவான்? பாறை அதிர்ந்தப்போ கீழ நின்னவர்தான் எழுத முடியும்."

"அந்த நேரம் சரின்னு எப்படிச் சொல்றீங்க? மொட்டைக் கடிதத்துல எட்டு மணின்னு இருக்கு, அவ்வளவுதான்."

"ஆமா. கடிதாசு எழுதினவருக்கு அது எப்படித் தெரிஞ்சதுன்னு அப்புறம் பார்ப்போம். மூணாவதுதான் முக்கியம். தாஸோட நம்பர் 718. கையொப்பத்துல இருக்கு, மத்த பக்கங்கள்லயும் இருக்கு. செத்த உடம்புல இருந்த டோக்கன் 731. அது யாரோடது தெரியுமா? வின்சென்ட்டோடது. இன்னிக்கு அவரே சொன்னாரு."

பிரிசில்லாவுக்கு இப்போது புரிந்தது.

"என் வீட்டுக்காரர் கண்டக்டர் சார். அவங்க டிப்போவுல ரெண்டு பேர் தங்களுக்குள்ள டூட்டி மாத்திப்பாங்க, ஆபீசுல சொல்லமாட்டாங்க. சொன்னா மெமோ. யார் பேருல டிக்கெட் மிஷின் எடுத்தாங்களோ அந்தப் பேருலயே கணக்கு ஒப்படைப்பாங்க. சுரங்கத்துலயும் அப்படித்தான். டோக்கனை மாத்திக்கிட்டா பேரும் மாறிடும். தாஸ் டோக்கனோட இறங்கின வின்சென்ட், தாஸ்னு கையொப்பம் போட்டாரு. வின்சென்ட் டோக்கனோட பாறை உடைக்கப் போன தாஸ் செத்துப்போனாரு. முகம் தெரிஞ்சதால தாஸ்னு எழுதினாங்க. நம்பரை ஒரு குமாஸ்தா பார்த்தபடி எழுதி வச்சுட்டாரு."

கார்த்திகேசன் மரணப் பதிவேட்டின் நகலை இழுத்து அந்த நம்பரைப் பார்த்தார். ஆனால் அவர் சுலபத்தில் மசிகிற ஆள் இல்லை. "கதை அழகா இருக்கு மேடம். குமாஸ்தா நம்பரைத் தப்பா எழுதியிருந்தா? எனக்கு சாட்சி வேணும்."

"சாட்சி நான்தான் சார்."

எல்லோரும் திரும்பினார்கள். கதவைப் பிடித்தபடி வின்சென்ட் நின்றார். தோளில் சின்ன சிலிண்டர், மூக்கில் குழாய், சட்டை பித்தான் மாறிப் போட்டிருந்தது. ஈஜிபுராவிலிருந்து தனியாக ஆட்டோவில் வந்து, மாடிப்படி ஏறி வந்திருக்கிறார். பிரிசில்லா ஓடிப்போய்த் தாங்கினாள்.

"அந்தம்மா சொன்னாங்க, உன் மேல புகார் எழுதறாங்கன்னு," என்றார் மகளிடம், மூச்சு வாங்கிக்கொண்டே. "ஏன்மா என்கிட்ட சொல்லலை?"

மரகதம் நாற்காலியை நகர்த்திக் கொடுத்தார். "கடிதாசும் நீங்கதானே அண்ணா போட்டீங்க? எட்டு மணின்னு அதிர்வை உணர்ந்தவருக்குத்தான் தெரியும். அந்தப் பக்கத்தோட படத்தைப் பிரிசில்லா வீட்டுலயும் காட்டினாங்க. முத்திரை உங்க வீட்டுக்குப் பக்கத்துத் தபால் ஆபீசு. யாரையும் திட்டாம, அந்த வரியை மட்டும் எடுக்கச் சொன்ன கடிதாசு."

வின்சென்ட் தலையசைத்தார்.

"அப்பா! நீங்களா?" என்றாள் பிரிசில்லா. ஒரு வாரமாக யாரைச் சபித்துக்கொண்டிருந்தோம் என்று நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

"கீழ் வீட்டுப் பையனை விட்டு அடிச்சுப் போடச் சொன்னேன். உன்னைப் பிடிப்பாங்கன்னு சத்தியமா எனக்குத் தெரியாதும்மா. அந்த வரி மட்டும் போயிடும்னு நினைச்சேன். அதைப் பார்த்தது நான்தான், ஆனா நான் பார்த்திருக்கவே கூடாது. அது தாஸோட முறை." கொஞ்சம் நிறுத்தினார். குழாய் சீறியது. "முந்தின நாள் சாயங்காலம் நீ பொறந்த. ராத்திரி பூரா ஆஸ்பத்திரி வாசல்ல நின்னேன். காலையில கண்ணு சொருகுது, டிரில்லைப் பிடிக்கத் தெம்பு இல்லை. அவனுக்கு விளக்கைப் பார்த்துக்கிட்டு உக்கார்ற வேலை. நான் அவன்கூட நாலஞ்சு தடவை போய் உக்காந்து பழகினவன்தான். ஜன்னல்கிட்ட நின்னு கேட்டேன், இன்னிக்கு மட்டும் மாத்திக்கலாமாடான்னு. உடனே டோக்கனை நீட்டிட்டான். மூணு மணிக்கு மேல வந்து பார்த்தா என் எடத்துல அவன் செத்துக் கிடக்கறான். ஜன்னல்காரர் என் கையில இருந்த 718-ஐப் பிடுங்கிக்கிட்டு, வாயைத் திறக்காதேன்னுட்டாரு. திறக்கலை. நாப்பது வருஷம். தாயம்மா முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்றது, உன் புருஷனைக் கேட்டு வாங்கி அனுப்பினவன் நான்னு?"

அப்போதுதான் வாசலில் சந்திரசேகரன் நிற்பது தெரிந்தது. அவருக்கு முன்னால் அறுபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள், கையில் துணிப்பை. எப்போது வந்தார்கள் என்று தெரியவில்லை. வாழ்நாளில் முதல் தடவையாகச் சந்திரசேகரன் வாயை மூடிக்கொண்டு நின்றார்.

வின்சென்ட் எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. "தாயம்மா..."

தாயம்மா நேராக வந்து அவர் எதிரில் நின்றார்.

"அவரோட துணி மூட்டையில டோக்கனையும் வச்சுக் குடுத்தாங்க அண்ணா. எழுநூத்து முப்பத்தொண்ணு. அவரோடது எழுநூத்து பதினெட்டு. எனக்கு நம்பர் படிக்கத் தெரியாதுன்னு நினைச்சீங்களா?"

கார்த்திகேசன் பேனாவை மூடினார். புகார்க் கடிதத்தை இரண்டாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்து, தாயம்மாவுக்குத் தன் நாற்காலியைப் போட்டார். மைதிலி நோட்டை மூடிவிட்டார்.

"அப்பவே தெரியுமா?" என்றார் வின்சென்ட்.

"தெரியும். மொதல்ல கோவம்தான். உங்களைப் பார்த்தாலே பத்திக்கிட்டு வரும். மாசாமாசம் வந்தீங்க, புள்ளைங்களை ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போனீங்க, கூரையை மாத்திக் குடுத்தீங்க, ஒரு தடவையாவது சொல்லுவீங்கன்னு பார்த்தேன். சொல்லவே இல்லை."

"நான்தான் கேட்டேன் தாயம்மா. நான் கேக்காம இருந்திருந்தா..."

"நீங்க கேக்கறதுக்கு முன்னாடியே அவரு முடிவு பண்ணிட்டாரு அண்ணா. காலையில கஞ்சி குடிக்கும்போது சொன்னாரு. 'வின்சென்ட்டுக்குப் பொண்ணு பொறந்திருக்காம், ராத்திரி பூரா நின்னிருப்பான், இன்னிக்கு அவன் போய் விளக்கைப் பார்த்துக்கிட்டு உக்காரட்டும், நான் அவன் எடத்துக்குப் போறேன்'னு. நீங்க வாயைத் திறக்காட்டியும் அவரே நீட்டியிருப்பாரு. இதை உங்ககிட்ட சொல்லணும்னுதான் இத்தனை வருஷம் காத்துக்கிட்டிருக்கேன். நீங்க ஆரம்பிச்சாத்தானே நான் முடிக்க முடியும்?"

வின்சென்ட் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். நெஞ்சில் மூச்சே இல்லாத அந்த மனிதர் அவ்வளவு சத்தமாக அழ முடியும் என்று பிரிசில்லா நினைத்துப் பார்த்ததில்லை. குழாயைச் சரி செய்தாள், முதுகைத் தடவினாள், அழுகையை நிறுத்தச் சொல்லவில்லை. தான் பிறந்த நாளன்று அப்பா எந்த வருஷமும் வீட்டில் தங்கியதில்லை, அதற்காக அவரிடம் எத்தனை தடவை சண்டை போட்டிருக்கிறோம் என்று நினைத்தபோது அவளுக்கும் தாங்கவில்லை.

சந்திரசேகரன் மூக்கை உறிஞ்சினார். மரகதம் தன் கைக்குட்டையை அவர் பக்கம் நீட்டினார்.

கொஞ்சநேரம் கழித்து மைதிலிதான் மெதுவாகக் கேட்டார். "அந்த வரிக்கு மேல யார் பேரைப் போடட்டும்?"

"தாஸ்னே இருக்கட்டும்மா," என்றார் வின்சென்ட்.

"அது எப்படி?" என்றார் தாயம்மா. "பார்த்தவரு நீங்க. நடந்ததை நடந்தபடி எழுதட்டும். மாத்திக்கிட்டதையும் எழுதட்டும். யாரும் யாரையும் ஏமாத்தலையே."

பிரிசில்லா தாயம்மாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள்.

"அத்தை, அன்னிக்குக் காலையில மாமா வேற ஏதாவது சொன்னாரா?"

தாயம்மா அவள் தலையில் கை வைத்தார். "ஷிப்ட் முடிஞ்சதும் ஆஸ்பத்திரிக்குப் போய் உன்னைப் பார்க்கலாம்னாரு. என்னையும் நல்ல சேலையா கட்டிக்கிட்டுத் தயாரா இருக்கச் சொன்னாரு. கட்டிக்கிட்டுத்தான் இருந்தேன்."